இடது பக்கம் நின்று கேட்டது

ஜனவரி 12
பெறுநர்: தம்பி
பொருள்: நான்தான்

அன்புள்ள திருப்புளிக்கு,

நான் சுகம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். ஆச்சரியப்படாதே, உன் அக்காவேதான். வீட்டுக் கடிகாரம், ரேடியோ, தையல் மெஷின் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் போட்ட உனக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தானே. வேறு யார் உன்னை இப்படிக் கூப்பிடப் போகிறார்கள்?

எங்கள் கண் மருத்துவமனையில் பதிவேடுகளைப் பார்க்கும் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி மின்னஞ்சல் கற்றுக்கொண்டேன். முகவரி வாங்கி, கடவுச்சொல் போட்டு, அதை மறந்து, மறுபடி போட்டு, இப்போது மூன்றாவது கடவுச்சொல்லில் இருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில் இது போதும்.

இனிமேல் நாம் எழுதிக்கொள்ளலாம். போன் வேண்டாம். காலையிலிருந்து மாலை வரை ஒரு நாளைக்கு இருநூறு பேர் என் காதுக்குள் பேசுகிறார்கள். கண் எரிகிறது, கண்ணில் பூ விழுந்திருக்கிறது, டாக்டர் எப்போது வருவார், சொட்டு மருந்தை எத்தனை வேளை விடுவது. வீட்டுக்கு வந்தபின் இந்தக் காது ஓய்வு கேட்கிறது. எழுதினால் யோசித்து எழுதலாம், அடித்துத் திருத்தலாம், உன் மடலை இரண்டு தடவை படிக்கலாம். போனில் "இன்னொரு தடவை சொல்லு" என்று எத்தனை முறை கேட்பது?

கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? மருந்துக்கடை வேலைக்கு உன் மனைவி திரும்பிவிட்டாளா? உயரத்தில் நின்று வேலை செய்யும்போது இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 16
பெறுநர்: அக்கா
பொருள்: பதில்: நான்தான்

அக்கா,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி?

மெயில் பார்த்துச் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் நாள் முழுக்க லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நிற்கிறவன். விரலெல்லாம் கிரீஸ். இதில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது பெரிய பாடு. போன் என்றால் இரண்டு நிமிஷம். உன் குரலில் நீ சிரிக்கிறாயா முறைக்கிறாயா என்று தெரிந்துவிடும். மெயிலில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கிறது.

என்னிடம் பேசாவிட்டால் போகிறது. அவளிடமாவது இரண்டு வார்த்தை பேசேன். ஒன்றுமில்லை, பேசினால் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 3
பெறுநர்: தம்பி
பொருள்: சளி, மற்றும் பல

அன்புள்ள திருப்புளிக்கு,

ஒரு வாரம் சளி. இப்போது தேவலை. உங்கள் ஊரில் குளிர் எப்படி? அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இங்கே ஒரு கூத்து. மருத்துவமனைக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்திருக்கிறார்கள். நோயாளிகள் எழுதி நேரம் வாங்கிக்கொள்ளலாமாம். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஒருவர் பொருள் என்ற இடத்திலேயே தன் முழுக் கதையையும் எழுதிவிட்டு, கீழே ஒன்றுமே எழுதாமல் அனுப்பியிருக்கிறார். இன்னொருவர், "எனக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே பதிலைப் பெரிய எழுத்தில் போடவும்" என்கிறார். எவ்வளவு பெரிய எழுத்து என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று வாரம் பழைய மடல். பாவம், பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருப்பார். நான் பெரிய எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டு நேரம் கொடுத்தேன்.

நேற்று நீ நான்கு முறை கூப்பிட்டிருக்கிறாய். பார்த்தேன். எடுக்க முடியவில்லை. அவளுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடு. நானே எழுதுகிறேன்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா


பிப்ரவரி 21
பெறுநர்: அக்கா
பொருள்: ஒரு செய்தி

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இந்த மாதம் மட்டும் ஒன்பது தடவை கூப்பிட்டேன். நேற்று அவளும் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது.

இதைக் குரலில் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசைப்பட்டோம். நீ என்ன சத்தம் போடுவாய் என்று பந்தயம்கூடக் கட்டினோம். இனி வேறு வழியில்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. செப்டம்பர் கடைசி, அல்லது அக்டோபர் முதலில்.

அவளுடைய மெயில் முகவரி கீழே.

தம்பி


பிப்ரவரி 21
பெறுநர்: தம்பி
பொருள்: பதில்: ஒரு செய்தி

தம்பி,

மிக்க மகிழ்ச்சி. அவளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நான் நலம்.

அக்கா


மார்ச் 3
பெறுநர்: அக்கா
பொருள்: அக்கா விஷயம்

அம்மணி,

காலையில் நீ வாந்தி எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு கடைக்குப் போனது மனதிலேயே நிற்கிறது. ஏதாவது சாப்பிட்டாயா?

நேற்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். ஆமாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அக்காவுக்கு நாம் வேண்டாம் போலிருக்கிறது. நாம் கிளம்பிய அன்று நீ வாசலில் அவள் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, நீங்க ஏன் தனியா இருக்கணும்? எங்களோடவே வந்து இருங்களேன்" என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டாய். ஒரு 'வரமாட்டேன்'கூடச் சொல்லாமல், "வண்டிக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பார்க்காத மாதிரி இருந்தேன். உன்னிடம் இதுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

குழந்தை விஷயம் சொன்னதற்கு மூன்று வரி பதில். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பத்துக்குப் பதில் போடுகிற மாதிரி. என்னைத் தூக்கி வளர்த்தவள் இவள்தானா என்று இருக்கிறது. இனி நாமாகப் போய் எதையும் கேட்க வேண்டாம். நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

சாயங்காலம் வந்து கூட்டிப் போகிறேன்.


மார்ச் 3
பெறுநர்: அக்கா
பொருள்: படிக்காதே

அக்கா,

சற்று முன் வந்த மெயிலைத் திறக்காதே. அழித்துவிடு. அது உனக்கு எழுதியது இல்லை. போனில் அவள் பெயர் 'அம்மணி' என்று இருக்கிறது, உன் பெயர் 'அக்கா'. 'அ' என்று தட்டினேன், உன் முகவரி வந்து நின்றது. நான் கவனிக்கவில்லை. பதினாலாவது மாடியில் ஒற்றைக் கையால் அனுப்பினேன். போனது போனதுதான், திரும்ப இழுக்க முடியவில்லை. கயிறு அறுந்த லிஃப்டைக்கூட பிரேக் போட்டு நிறுத்திவிடுவேன், இதை நிறுத்த முடியவில்லை.

படித்திருந்தால் மன்னித்துவிடு. நலமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 19
பெறுநர்: அக்கா
பொருள்: (இல்லை)

அக்கா,

பதினாறு நாள் ஆகிவிட்டது. படித்துவிட்டாய் என்று தெரிகிறது. நலமாக இருக்கிறாயா என்பதை மட்டுமாவது எழுது.

இன்று காலை உன் மருத்துவமனை எண்ணுக்கே கூப்பிட்டேன். நீதான் எடுத்தாய். "வணக்கம், கண் மருத்துவமனை, பேரும் வயசும் சொல்லுங்க" என்றாய். நான், "அக்கா, நான்தான். வச்சிடாத, ஒரு நிமிஷம் கேளு" என்றேன். அந்தப் பக்கம் வேறு போன்கள் அடிப்பது கேட்டது. அப்புறம், "வயசு சொல்லுங்க சார்" என்றாய்.

சார்.

நான் வைத்துவிட்டேன். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை நீ கொடுக்க முடியாது. நான் எழுதியது தப்புதான். ஆனால் தெரியாதவனிடம் பேசுவது மாதிரி என்னிடம் பேச உன்னால் எப்படி முடிந்தது?

அவள் நலம். குழந்தையும் நலமாக வளர்கிறதாம்.

தம்பி


ஏப்ரல் 24
பெறுநர்: தம்பியின் மனைவி
பொருள்: நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உனக்கு இப்போது ஐந்தாவது மாதம் நெருங்கியிருக்கும். குமட்டல் நின்றதா? கால் வீங்குகிறதா? இந்தக் கேள்விகளையெல்லாம் பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தம்பிக்கு எழுதாமல் உனக்கு எழுதுவதற்குக் காரணம், நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது உனக்குத்தான்.

எனக்கு இடது காது கேட்காது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ரீங்காரம், பிறகு பஞ்சு அடைத்தது போல, பிறகு ஒன்றுமில்லை. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நீ அன்று வாசலில் என் இடது பக்கம் நின்றிருக்கிறாய். அதே நேரம் வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்தியது மட்டும் வலது பக்கம் கேட்டது. அதனால்தான் நேரமாச்சு என்றேன். நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டதை மூன்று மாதம் கழித்து, எனக்கு வரவேண்டாத ஒரு மின்னஞ்சலில்தான் முதன்முதலாகப் படித்தேன். படித்துவிட்டு அந்த வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மற்ற வரிகளை விட்டுவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? என் வேலையே காதால் பார்க்கிற வேலை. தெரிந்தால் போனிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அதனால் கூட்டத்தில் எப்போதும் இடது ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன், எல்லோரும் வலது பக்கம் வந்துவிடுவார்கள். பேசுகிறவர் உதட்டைப் பார்ப்பேன். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், அரை நொடி பிந்தி. தம்பிக்குத் தெரிந்தால் "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பி வா" என்பான். அதற்கும் பயந்தேன். மின்னஞ்சல் வந்தது எனக்குப் பெரிய மறைவிடமாகப் போயிற்று. அதில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். யாரையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டாம்.

குழந்தைச் செய்தி வந்தபோது என் மேசையில் மூன்று போன் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய், துவைத்த துணிகளை அடுக்கும் அறையில் நின்று ஒரு பாட்டம் அழுதேன். சந்தோஷம்தான். மேலாளர் அம்மா தேடிக்கொண்டு வந்துவிட்டார். திரும்பி வந்து, அவர் தலைக்குமேல் நின்றுகொண்டிருக்க, கைக்கு வந்ததை மூன்று வரியில் தட்டினேன். நான் அழுதது அந்த மூன்று வரிக்குள் இருக்கிறது என்றே நினைத்தேன். அனுப்பினவருக்குத் தெரிவது படிப்பவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 19ஆம் தேதி. அன்று போனில் பேசினவர் யாரோ ஒரு ஆண் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இரைச்சல். 'நிமிஷம்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவசரக்காரர் போலிருக்கிறது என்று நினைத்து வயதைக் கேட்டேன். அன்று மதியம் தம்பியின் மின்னஞ்சலைப் படித்தேன். பிறந்த அன்றிலிருந்து நான் கேட்ட குரல். அது எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு தையல்காரர் கூப்பிட்டார். "திடீர்னு ஒரு கண்ணு தெரியல" என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் 'திடீர்னு' விழவில்லை. கண் தெரியல என்று தினம் நூறு பேர் சொல்வார்கள். பன்னிரண்டு நாள் தள்ளி நேரம் கொடுத்தேன். நல்லவேளை, அவர் மகள் கேட்காமல் மறுநாளே கூட்டி வந்துவிட்டாள். விழித்திரை பிரிந்திருந்தது. அன்றே அறுவை செய்தார்கள். பார்வை மிஞ்சியது. அந்த மகள் என் மேசைக்கு வந்து, "எங்கப்பா பொய்யா சொன்னாரு? திடீர்னுன்னு சொன்னாரே, நான் பக்கத்துலதானே இருந்தேன்!" என்று கத்தினாள். உதட்டைப் பார்த்ததால் முழுவதும் புரிந்தது.

நான் நேரே மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இப்போது விடுப்பில் இருக்கிறேன். காதுப் பரிசோதனை நடக்கிறது. வேலை இருக்குமா என்று தெரியாது.

தம்பியிடம் நீயே சொல். அவனுக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. அவன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு மற்றதைச் சொல்.

இடது பக்கமாகத் திரும்பிப் படு, அந்த நிலை நல்லது என்கிறார்கள். நன்றாக இரு அம்மா.

உன் அக்கா


ஏப்ரல் 25
பெறுநர்: அக்கா
பொருள்: பதில்: நீ கேட்டது எனக்குக் கேட்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

குமட்டல் நின்றுவிட்டது. கால் வீங்கவில்லை. பசிதான் அசுரப் பசி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இனிமேல் சும்மா கேட்க மாட்டேன். வலது காது இன்று எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பேன். உண்மையைச் சொல்ல வேண்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. ஏழு வாரம்! நேரில் இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன், அதுவும் வலது பக்கம் நின்று. ஆனால் என்மேலும் கோபம் இருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டில் ஒரு எழுத்து புரியாவிட்டாலும் நான் ஊகித்து மருந்து கொடுக்க மாட்டேன். கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் மருந்தைத் தொடுவேன். நீங்கள் முகத்தைத் திருப்பியபோது மட்டும் நானே ஒரு அர்த்தம் படித்துக்கொண்டேன். "அக்கா, நான் சொன்னது கேட்டுச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. புது மருமகளுக்கு என்ன ரோஷமோ!

அவரிடம் சொன்னேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே, கோபம் இல்லை என்பதை முதலில் சொன்னேன். வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போய், படிக்கட்டில் உட்கார வைத்து உங்கள் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன். தையல்காரர் கதை வரும்வரைகூட அவர் தாங்கவில்லை. கருவிப் பெட்டியின்மேல் தலையை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "வயசு சொல்லுங்க சார்னு கேட்டாளே, முப்பத்திமூணுன்னாவது சொல்லியிருக்கணும் நான். போனை வச்சுட்டேனே" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். மேல் மாடியிலிருந்து யாரோ, "லிஃப்ட் ரெடியா இல்லையாப்பா?" என்று கத்தினார்கள். "படி ஏறி வாங்க, உடம்புக்கு நல்லது!" என்று இவரும் திருப்பிக் கத்தினார்.

அவர் போட்ட அந்த மெயில் எனக்கு வந்திருந்தால் நான் தலையாட்டியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து உங்களைத் தள்ளி வைத்திருப்போம். உங்களுக்கு வந்ததே நல்லது. அவரிடம் இதைச் சொல்லாதீர்கள், அப்புறம் எல்லா மெயிலையும் கவனமில்லாமல் அனுப்புவார்.

பரிசோதனைச் சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். மருந்து எதையும் என்னிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். சிலது காதுக்கே ஆகாது.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி

அக்கா, நான் திருப்புளி. அவள் தட்டச்சு செய்யும்போது பிடுங்கிக்கொண்டேன். நீ கிளம்பி வா என்று நான் சொல்ல மாட்டேன். நீ என்ன செய்ய நினைக்கிறாயோ அதைச் சொல். அதற்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.


ஜூலை 30
பெறுநர்: தம்பி, தம்பியின் மனைவி
பொருள்: இரைச்சலான செய்திகள்

அன்புள்ள இருவருக்கும்,

வலது காது நலம், கருவியின் தயவில். உங்கள் இருவரின் நலத்தையும் வயிற்றில் உதைக்கிறவரின் நலத்தையும் அறிய ஆவல்.

கருவி வந்து மூன்று வாரம் ஆகிறது. பொரித்த கடலை அளவுதான் இருக்கிறது. முதல் நாள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன், பக்கத்தில் யாரோ துப்பாக்கி சுட்டது போலிருந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறதே, எத்தனை மாதமாகச் சொட்டுகிறதோ! என் செருப்பு இப்படிக் கீச்சிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அந்தச் செருப்போடு நூலகத்துக்குப் போயிருக்கிறேன். எல்லாம் கேட்கிறது, ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவது முக்கால்வாசி புரிகிறது. போன் இன்னும் பிடிபடவில்லை. மெல்ல மெல்ல வரும் என்கிறார் பரிசோதகர். முழுதாக வராது என்பதையும் சொல்லிவிட்டார்.

வேலை விஷயம். மேலாளர் அம்மா முதலில் கடுமையாகத்தான் பேசினார். "ரெண்டு வருஷம் மறைச்சிருக்கீங்க. அந்தத் தையல்காரருக்குக் கண்ணு போயிருந்தா யார் பதில் சொல்றது?" அவர் கேட்டது நியாயம். அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போய் அவர் மகளிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவள் கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அவர்தான், "விடும்மா, கண்ணு தெரியுதுல்ல" என்றார்.

விடுப்பு முடிந்து போன அன்று மேலாளர் அம்மா ஒரு கணினியைக் காட்டினார். மருத்துவமனை முகவரியில் நானூற்றுச் சொச்சம் மின்னஞ்சல் திறக்காமல் கிடந்தது. "இதுக்கு யாருமே ஆள் இல்ல. நீங்க பழைய மடலுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு பதில் போட்டிருந்ததைப் பார்த்தேன். இது உங்களால முடியுமா?" என்றார். முடியும் என்றேன். அவர் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

வேடிக்கையைப் பாருங்கள், பார்வை மங்கினவர்களுக்கு மின்னஞ்சல் பெட்டி, காது மங்கின எனக்குப் போன் என்று இத்தனை நாள் எங்களை மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலும் நோயாளிகளின் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவுக்கு நேரம் கேட்கிறவர்கள். எழுத்தில் இருப்பதால் தேதி மாறுவதில்லை, பெயர் மாறுவதில்லை. ஆனால் இதை நம்பி மட்டும் இருக்க முடியாது. எழுதத் தெரியாதவர், எழுத ஆள் இல்லாதவர் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களை என் எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறேன். இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். எந்த மடலில் 'திடீர்' என்ற சொல் இருந்தாலும் நான் நேரம் கொடுப்பதில்லை, அச்செடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடுகிறேன். இதுவரை ஆறு தடவை ஓடினேன். நான்கு தடவை சும்மா. இரண்டு தடவை சும்மா இல்லை.

தம்பி மனைவிக்கு: நீ வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில். நிரந்தரமாக வர மாட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, என் அறையும் பிடித்திருக்கிறது. ஆனால் மின்னஞ்சல் எங்கிருந்தாலும் பார்க்கலாம் அல்லவா? கேட்டேன். அக்டோபரிலிருந்து இரண்டு மாதம் உங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு மேசையும் ஜன்னலும் போதும். காலை முழுக்க நான் அலுவலகம், மதியத்துக்குமேல் குழந்தைக்கு அத்தை.

நேராக நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் எல்லாருமே கோபக்காரராகத் தெரிகிறார்கள்.

உங்கள் அக்கா


செப்டம்பர் 22
பெறுநர்: அக்கா (மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்)
பொருள்: நீ கேட்டபடி

அன்புள்ள அக்காவுக்கு,

தாயும் மகளும் சுகம். நான்தான் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறேன், இப்போது தேவலை. உன் கருவிக்குப் புது மின்கலம் போட்டாயா?

உன் மருமகள் பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். நேற்று காலை உன்னைப் போனில் கூப்பிட்டபோது நீ எடுப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. எடுத்தாய். "திருப்புளியா?" என்று கேட்டாயே, அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும். போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். நீ வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாய். அப்புறம், "ஏதோ கேக்குதுடா. ஆனா அது அழுகையா, அங்க ஓடற ஃபேனான்னு தெரியல. பொய் சொல்ல மாட்டேன். நீ எழுதி அனுப்பு" என்றாய்.

அதனால் எழுதுகிறேன். வேலைக்கு இரண்டு நாள் விடுப்பு. கையில் கிரீஸ் இல்லை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன், இப்போது பதினொன்று.

பிறந்ததும் அழவில்லை. முதலில் ஒரு தும்மல். சின்ன எலி தும்மினால் எப்படி இருக்கும், அப்படி. தாதி சிரித்துவிட்டார். அப்புறம் மூச்சை இழுத்தாள், கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாவிட்டால் வருமே, அந்தச் சத்தம். அதற்கப்புறம்தான் அழுகை. 'ங்ங்கா' என்று தொடங்குகிறது. 'ங்' மூக்கில், 'கா' வாய் முழுக்க. நீளமாக இழுக்க மாட்டாள். 'ங்ங்கா, ங்ங்கா, லே' என்று மூன்றாவதில் உடைந்துபோகிறது. அந்த 'லே'யில் நடுக்கம் இருக்கிறது. பசிக்கு அழும்போது 'லே' இருக்காது, வெறும் 'ங்ங்கா' மட்டும், வேகவேகமாக, லிஃப்ட் பொத்தானை அவசரக்காரர் விடாமல் அமுக்குகிற மாதிரி. துணி நனைந்தால் முனகல். 'ம்ஹும், ம்ஹும்' என்று பெரிய மனுஷி போல. பால் குடிக்கும்போது 'க்ளக்' என்று ஒரு சத்தம், ஐந்தாறு தடவைக்கு ஒரு முறை. அப்புறம் ஒரு பெருமூச்சு. அது என்ன மூச்சு அக்கா, எல்லா வேலையையும் முடித்துவிட்டு உட்கார்ந்தவள் விடுகிற மூச்சு.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு அம்மணி, "என்னங்க இது, ங்ங்கான்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள். பிறகு அவளே திருத்தினாள். 'ங்ங்கா' இல்லையாம், 'ன்ங்யா'வாம். பத்து நிமிஷம் சண்டை போட்டோம். கடைசியில் குழந்தையிடமே படித்துக் காட்டுவது என்று முடிவு செய்தோம். நான் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல், ங்ங்காவும் லேயும் க்ளக்குமாக முழுதும் படித்தேன்.

அவள் கையை மடக்கிக்கொண்டு அசையாமல் கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள், இதுவரை போடாதது. அழுகை இல்லை, முனகல் இல்லை. அதை எழுத அரை மணி நேரம் முயன்றேன். உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். அம்மணியும் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்திலும் அது இல்லை.

அதை மட்டும் நேரில் வந்து கேட்டுக்கொள்.

உடம்பு பத்திரம். வெயிலில் அலையாதே.

உன் திருப்புளி